கோகிலா இல்லாமல் கோகிலாவுக்கு அளவெடுத்த கதை

அளவெடுத்த அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், என் தங்கை புவனா, வரவேற்பறையில் அப்பா, சமையலறையில் அம்மா. இல்லாதவர்: அந்தச் சைக்கிளை ஓட்டப்போகும் என் மனைவி கோகிலா. இதைப் படித்ததுமே மீதிக் கதை உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது.

கோகிலாவுக்குப் பத்து பாகாட் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. அங்கே ஞாயிறு காலையில் இருபது பேர் சேர்ந்து கடற்கரை வரை சைக்கிள் ஓட்டுவார்கள். இவளும் இரும்புக் கட்டில் கனத்தில் ஓர் இரவல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போவாள். ஒவ்வொரு சந்திப்பிலும் இருபது பேரும் இவளுக்காக நிற்பார்கள்.

"பாவமா பாக்குறாங்கங்க. ஒரு நாளாச்சும் எனக்காக யாரும் நிக்காம ஓட்டிக் காட்டணும் லா" என்றாள். சொல்லும்போது சிரித்தாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

கல்யாணமாகி எட்டு மாதம். பிறந்தநாளுக்கு ரகசியமாக ஒரு நல்ல ரோட் பைக் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். கையில் ஆயிரத்து இருநூறு வெள்ளி. அந்த விலைக்குப் பழையதுதான் கிடைக்கும், அளவையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் என்ன? எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். (குழாய் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் படித்தது புள்ளியியல்.)

ஒரு வாரம் இணையத்தில் ஆராய்ந்தேன். வெறுங்காலில் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். ஒரு தடிப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே வைத்து, இடிக்கும்வரை மேலே ஏற்ற வேண்டும். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளந்து, வரும் எண்ணை 0.67ஆல் பெருக்கினால் ஃபிரேம் அளவு வந்துவிடும். கோகிலாவை அளந்தால் ரகசியம் உடைந்துவிடும். புவனாவும் அவளும் சுடிதார் மாற்றிப் போட்டுக்கொள்பவர்கள். ஆகவே புவனா. (புள்ளியியல் படித்தவன் எடுத்த மாதிரி ஒன்றே ஒன்று. அதுவும் வேறு ஆள்.)

"அண்ணே, எனக்கு என்ன கிடைக்கும்?"

"தங்காக் துணிக்கடையில புது சுடிதார். நேரா நில்லு."

வீட்டில் இருந்த ஒரே தடிப் புத்தகம் என் பாடநூல். அம்மா அதை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, சரஸ்வதி பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். எடுக்கும்போது அதன் மேல் பொட்டு இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

புத்தகம் மேலே ஏறியது. பென்சிலைச் சுவரில் வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

"அடப்பாவி! சரஸ்வதிய எங்கடா வச்சிருக்க!"

புவனா துள்ளினாள். புத்தகம் காலில் விழுந்தால் இன்னும் பெரிய பாவமாயிற்றே என்று தொடையால் இறுக்கிக்கொண்டு நுனிக்காலில் எழும்பி நின்றாள். என் பென்சில் சரியாக அந்த நொடியில் கோடு போட்டது. எண்பத்தொன்று சென்டிமீட்டர்.

"இன்னொரு தடவ அளந்துக்கிறேம்மா."

"இந்த வீட்டுல இனி அந்த வேலையே ஆகாது!" அம்மா புத்தகத்தைப் பிடுங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"விடு, படிச்ச பிள்ள. கணக்கு தப்பாது" என்றார் அப்பா. அதை அவரைவிட அதிகமாக நம்பியவன் நான்.

ஐம்பத்து நான்கு அளவு சைக்கிள் பக்கத்து ஊரான ஆயர் ஈத்தாமில் கிடைத்தது. விற்றவர் ஒரு சீனப் பெரியவர். மனைவியை அழைத்து வந்து உட்கார வைத்துப் பார் என்று மலாயில் மூன்று தடவை சொன்னார். நான் கைத்தொலைபேசியில் என் கணக்கைக் காட்டினேன். கணக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஐம்பது வெள்ளி குறைத்து ஆயிரத்து இருநூறுக்குக் கொடுத்தார். என் பேரத் திறமை என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

பிறந்தநாளன்று கோகிலா அழுதேவிட்டாள். ஏறி உட்கார்ந்தாள். சீட்டை எவ்வளவு இறக்கியும் கால் தரையைத் தொடவில்லை.

"ரோட் பைக்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன். (இதைச் சொன்ன வாய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.)

ஞாயிறு வந்தது. நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். கோகிலா பறந்தாள். யாரும் அவளுக்காக நிற்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது சிவப்பு விளக்கு விழுந்தது.

எல்லாரும் காலை ஊன்றினார்கள். ஊன்றக் கால் எட்டாத கோகிலா பக்கத்துப் பெட்ரோல் நிலையத்துக்குள் திருப்பிச் சுற்ற ஆரம்பித்தாள். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. காற்றடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து அங்கே வேலை செய்பவர் குழாயோடு பின்னால் ஓடினார். பச்சை விழுந்தும் ஒருவரும் நகரவில்லை. மூன்றாவது சுற்றில் அவள் ஒரு தூணைக் கட்டிப்பிடித்தாள்.

இருபது பேரோடு பெட்ரோல் போட வந்த கார்களும் அவளுக்காக நின்றன. நான் ஓடினேன். தூணை விடாமலே கேட்டாள்:

"ஏங்க, உண்மையச் சொல்லுங்க. யார் கால அளந்தீங்க?"

சொன்னேன். சரஸ்வதி, நுனிக்கால் எல்லாம் சொன்னேன். திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவளோ சிரித்துச் சிரித்துத் தூணோடு வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூட வந்த மலாய் அக்கா ஒருவர் சைக்கிளை என் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "அலமாக்! இது உன் அளவு லா" என்றார்.

மறுவாரம் ஒரு சைக்கிள் கடையில் கோகிலாவையே அளந்தோம். அம்மாவும் வந்தார், காய் நறுக்கும் பலகையோடு. "புத்தகத்துக்குப் பதிலா இத வச்சுக்க." எழுபத்து மூன்று. அவளுக்கு வேண்டியது நாற்பத்தொன்பது. இப்போது அவள் எல்லாருக்கும் முன்னால் போகிறாள். ஐம்பத்து நான்கில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியில் வருகிறேன். வீட்டில் யார் எதை அளந்தாலும், திரைச்சீலையானாலும் அரிசியானாலும், அப்பா கேட்பது ஒன்றுதான்: "கத்துறதுக்கு அம்மாவக் கூப்பிடவா?"

செலவையும் சொல்லிவிடுகிறேன். என் சைக்கிள் ஆயிரத்து இருநூறு. கோகிலா தன் போனஸில் வாங்கிய சைக்கிள் ஆயிரத்து நானூற்று ஐம்பது. எனக்குத் தலைக்கவசம் நூற்று இருபது. புவனாவின் சுடிதார் எண்பத்தைந்து. அந்தப் பலகையில் இனி வெங்காயம்கூட நறுக்க மாட்டேன் என்று அம்மா வாங்கிய புதுப் பலகை பதினெட்டு. ஆக மொத்தம் இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபத்து மூன்று வெள்ளி.