சாதகமாகப் பரிசீலிக்கப்பட்ட கேமரா

தோக்கியோவில் உள்ள நருமிசாவா ஒளியியல் நிறுவனத்தில், வரப்போகும் கேமராக்களைப் பற்றிய இரகசியங்களைக் காப்பதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. பிரிவு என்றால் நுகுய் ஒருவர்தான். காலையில் உலகத்தில் யார் யார் என்னென்ன புரளி கிளப்பியிருக்கிறார்கள் என்று வலைத்தளங்களைப் படித்து, மூன்று பக்கத்துக்குச் சுருக்கி மேலே அனுப்புவார். மத்தியானம் வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவார். இந்த இரண்டு வேலைக்கும் சம்பந்தம் உண்டென்று பதினாறு வருஷத்தில் அவருக்குத் தோன்றியதே இல்லை.

அப்போது காக்கவேண்டிய இரகசியம் 'நருமி ஒன்று' என்னும், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகைக் கேமரா. நிறுவனத்தின் மானமே அதில்தான் இருப்பதாகத் தலைவர் புத்தாண்டு உரையில் சொல்லியிருந்தார். மூன்று வருஷமாக நூற்றுப் பதினான்கு கூட்டங்கள் நடந்துவிட்டன. ஒவ்வொரு கூட்டத்திலும் அடுத்த கூட்டத்தின் தேதி ஏகமனதாக முடிவானது. வேறு எதுவும் முடிவாகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்திலிருந்து வெண்டல் என்பவர் நடத்தும் புரளித் தளத்தில் முழு விவரமும் வந்துவிட்டது. படத்தில் பத்துக் கோடிப் புள்ளிகள். இரண்டு நினைவக அட்டைகள் போடும் வசதி. ஒருநாள் முழுக்கத் தாங்கும் மின்கலம். அரைக் கிலோவுக்கும் குறைந்த எடை. விலை மூன்று லட்சம் யென்னுக்குள். கீழே, "நிறுவனத்தின் உள்வட்டாரமே உறுதிசெய்தது" என்று தடித்த எழுத்தில் ஒரு வரி.

துறைத்தலைவர் காமிஷிரோ, நுகுயைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார்.

"நுகுய்-குன், இதெல்லாம் அவனுக்கு யாரு சொன்னா?"

"சொல்றதுக்கு நம்மகிட்ட ஒண்ணுமே இல்லையே தலைவரே. நாம இன்னும் எதையும் முடிவு பண்ணலையே."

"நாம முடிவு பண்ணாதது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நியாயமான கேள்விதான் என்று நுகுய் குறித்துக்கொண்டார்.

"மாசக் கடைசிக்குள்ள ஆளைப் பிடிங்க. இல்லேன்னா தொத்தோரி."

தோக்கியோவுக்கு வெகுதூரத்தில் இருந்த தொத்தோரியில் நிறுவனத்துக்கு ஒரு துணைத் தொழிற்சாலை இருந்தது. கேமரா நிறுத்தும் முக்காலிகளின் காலுக்கு ரப்பர் உறை செய்வார்கள். அங்கே போனவர் யாரும் ஓய்வுபெறும்வரை திரும்பியதில்லை. மனைவி சிசுருவுக்கு வேலை தோக்கியோவில்; மகளுக்குப் பரீட்சை வருஷம். ஆகவே அவர் மட்டும் தனியாகப் போய், ஒற்றை அறையில், கோப்பை நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றிக் காலம் தள்ளவேண்டும்.

விசாரணை முறைப்படி தொடங்கியது. கசிந்தது எவ்வளவு என்று கண்டறிய, புரளியை உண்மையோடு ஒப்பிட வேண்டும் என்பது விதி. உண்மை இன்னும் தயாராகவில்லை. எனவே ஒப்பிடும் வசதிக்காக, புரளியையே "தற்காலிக உண்மை" என்று வைத்துக்கொள்ளலாமென நுகுய் ஒரு குறிப்பு எழுதினார். குறிப்பு ஒன்பது பேரின் முத்திரைக்குப் போனது. அந்த நிறுவனத்தில் ஒரு மரியாதை உண்டு: கீழ் அதிகாரி தன் முத்திரையை, பக்கத்தில் இருக்கும் மேலதிகாரியின் முத்திரையைப் பார்த்துக் கும்பிடுவதுபோல் சற்றே சாய்த்துக் குத்துவார். அன்று எல்லாரும் பயந்துபோய் இருந்ததால் மரியாதை அதிகமாகிவிட்டது. ஒன்பது முத்திரைகளும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, அவற்றின் சிவப்பு மையில் "தற்காலிக" என்ற சொல் மட்டும் மூழ்கிப்போனது. தொழிற்சாலைப் பொறியாளர்களுக்குக் கிடைத்த நகலில் "உண்மை" என்று மட்டும் இருந்தது. மூன்று வருஷமாகச் சும்மா இருந்த பாவிகள், அன்றே கேமராவைச் செய்யத் தொடங்கினார்கள்.

நுகுய்க்கு ஒரே வழிதான் தெரிந்தது. வெண்டலுக்கே மின்னஞ்சலில் கடிதம் எழுதி, "உங்களுக்குச் சொன்னது யார்?" என்று பணிவாகக் கேட்டார். மறுநாளே பதில் வந்தது. வெண்டல் ஒளிவுமறைவு இல்லாத மனிதர்.

"உங்க கம்பெனிதாங்க சொல்லுச்சு! நாப்பது கேள்வி அனுப்புனேன். நாப்பதுக்கும் பதில் போட்டாங்க. எவ்வளவு தங்கமான மனுஷங்க!"

கூடவே நாற்பது பதில்களின் நகலும் இருந்தது. இரண்டு அட்டை போடலாமா? "சாதகமாகப் பரிசீலிக்கிறோம்." எடையைப் பாதியாக்குவீர்களா? "சாதகமாகப் பரிசீலிக்கிறோம்." ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்து: நுகுய்.

அந்த நாட்டில் இந்த வாக்கியத்துக்கு "நடக்காது, போய்வாருங்கள்" என்று பொருள். நாய்க்குட்டி கேட்கும் குழந்தையிடம் அம்மா இப்படிச் சொன்னால், குழந்தை உடனே அழத்தொடங்கிவிடும். "ஆவன செய்யப்படும்" என்பதைக் கேட்டு வளர்ந்த நமக்கும் இதை விளக்கவேண்டியதில்லை. ஒஹாயோவில்தான் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பக்கத்து மேசையில் இருந்த, வேறு பிரிவைச் சேர்ந்த ஷிபாசாகி எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"நுகுய்-சான், அப்போ நாம மாட்டோம்னு சொன்னதெல்லாம் சேர்ந்துதான் இந்தக் கேமராவா?"

"அப்படித்தான் தெரியுது."

"விலையும்?"

"மூணு லட்சத்துக்குள்ள குடுப்பீங்களான்னு கேட்டிருக்கான்."

"நீங்க சாதகமா..."

"வாயை மூடும்மா."

"செய்ற செலவே நாலு லட்சத்துப் பத்தாயிரமாம். ஃபாக்டரில தலையில அடிச்சுக்குறாங்க," என்று சொல்லிவிட்டு, அவள் சிரிப்பை அடக்கக் கழிவறைக்குப் போனாள்.

நுகுய் நேர்மையானவர். நாற்பது கடிதங்களையும் எடுத்துக்கொண்டு காமிஷிரோவின் முன்னால் போய், இடுப்பு வளையக் குனிந்து நின்றார். "ஆளைப் பிடிச்சுட்டேன் தலைவரே. நான்தான்."

காமிஷிரோ கடிதங்களைப் பொறுமையாகப் புரட்டினார்.

"கசியவிட்டது நீங்கன்னு எழுதினா, கசிஞ்சது பொய்ன்னும் எழுதணும். பொய்ன்னு எழுதினா, அதுக்கு முத்திரை குத்துன ஒன்பது பேர் பேரையும் எழுதணும். அதுல எட்டாவது ஆள் யாரு தெரியுமா?"

"நீங்க தலைவரே."

"ஒன்பதாவது?"

நிறுவனத்தின் தலைவர். காமிஷிரோ கடிதங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"விலையை மட்டுமாவது முடியாதுன்னு ஒரு வரி மறுத்து எழுதிடலாமே?" என்றார் நுகுய்.

"எழுதுங்க. முறைப்படி அனுப்புங்க."

"முடியாது" என்ற கடிதம் ஒன்பது மேசைகளுக்குப் புறப்பட்டது. முதல் மேசையில் அது "கடினம்" ஆயிற்று. மூன்றாவதில் "சற்றே கடினம்". ஐந்தாவது அதிகாரி, வாடிக்கையாளர் மனம் நோகுமே என்று "கடினமாயினும்" என்று திருத்தினார். ஒன்பதாவது மேசையிலிருந்து இறங்கியபோது கடிதத்தில் இருந்தது ஒரே வரி: "மிகவும் சாதகமாகப் பரிசீலிக்கிறோம்." வெண்டல் ஆனந்தத்தில் குதித்தார். விலை இரண்டு லட்சத்து எண்பதாயிரமாகக் குறையும் என்று அன்றே எழுதிவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நிறுவனத்திலும் அந்த விலையையே அச்சடித்தார்கள். ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு லட்சத்து முப்பதாயிரம் நஷ்டம் வரும் என்றும், நிறைய விற்றால் சரிக்கட்டிவிடலாம் என்றும் விற்பனைப் பிரிவு அறிக்கை கொடுத்தது.

"வித்துத் தீர்ந்தா நீங்க திட்டப் பிரிவுக்குத் தலைவர். விக்கலேன்னா தொத்தோரி," என்றார் காமிஷிரோ. இதில் மட்டும் அவர் எந்தப் பரிசீலனையும் செய்யவில்லை.

வெளியீட்டு நாளில் ஷின்ஜுகுவின் பெரிய மின்சாதனக் கடையில் இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். கடைக்குள் காமிஷிரோவோடு நின்ற நுகுய்க்குக் கண் கலங்கிவிட்டது. முதல் ஆள், பல பைகள் வைத்த கைவைக்காத சட்டை போட்டவர், கேமராவைக் கையில் வாங்கி, எடையைப் பார்த்து, மூடியைத் திறந்து அட்டைப் பள்ளங்களை எண்ணினார். இரண்டு இருந்தன.

"நாங்க கேட்டபடியே எல்லாம் இருக்கே!"

"இருக்குங்க!" என்றார் நுகுய்.

"விலையும் நாங்க கேட்டதே."

"ஆமாங்க!"

"அதாங்க இடிக்குது. கேட்டதெல்லாம் குடுக்கறான்னா எதையோ ஒளிக்கிறான்னு அர்த்தம். அடுத்த மாடல் வரட்டும்."

வரிசை முழுவதும் தலையாட்டியது. ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்து, அதைத் தங்கள் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். கூட்டம் பாதியாகக் குறைந்தபோது, மகனின் பள்ளி விளையாட்டு விழாவுக்காகக் கேமரா தேடி வந்த ஒரு பெண் அந்தப் பக்கம் வந்தாள். எந்தப் புரளியும் படிக்காதவள்.

"ஏங்க, இதுல படம் நல்லா விழுமா?"

கடைக்காரர் நுகுயைப் பார்த்தார். நுகுய் காமிஷிரோவைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் அவசரமாகக் கைப்பேசியில் வெண்டலின் தளத்தைத் தேடினார்கள். அதிலும் இல்லை. நூற்றுப் பதினான்கு கூட்டங்களிலும் நாற்பது கடிதங்களிலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை.

"தெரியலைங்க," என்றார் நுகுய். பதினாறு வருஷத்தில் அவர் ஒரு வாடிக்கையாளருக்குச் சொன்ன முதல் நேரான பதில் அதுதான். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு ஐந்தாவது மாடிக்குப் போய் அரிசிக் குக்கர் வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் மாதம் தொத்தோரியில் நுகுய் தன் ஒற்றை அறையில் நூடுல்ஸ் வேக மூன்று நிமிஷம் காத்திருந்தபோது, பழக்க தோஷத்தில் வெண்டலின் தளத்தைத் திறந்தார். "நருமி இரண்டு: படமும் நன்றாக விழும்! நிறுவனம் மறுக்கவில்லை. விலை மட்டும் சற்றுக் கூடலாம்," என்றிருந்தது. ஊழியர் தள்ளுபடியில் நருமி ஒன்றுக்குப் பணம் கட்டுவதற்கான படிவத்தை அவர் அன்று காலையில்தான் நிரப்பி வைத்திருந்தார். அதை எடுத்து நான்காக மடித்து மேசை ஆடாமலிருக்க அதன் காலுக்கு அடியில் வைத்துவிட்டு, அடுத்ததற்கே காத்திருப்பது என்று முடிவுசெய்தார்.