மாம்பழப் பட்டில் ஒற்றைப் புட்டா

பட்டுக்கடையில் சேலை விரிப்பவனுக்கு வாய் தனி, மூளை தனி. வந்தவர்கள் எதைத் தொட்டாலும் “இப்போ இதுதான்மா புதுசா வந்திருக்கு” என்று வாய் தானாகச் சொல்லிவிடும். மூளை ஆற அமர வந்து சேரும். தி.நகரில் பத்து வருஷம் சேலை விரித்தவன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். அந்த வாய் ஒரு நாள் எதை விற்கப் பார்த்தது என்பதுதான் கதை. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் முதலில் கை கழுவிவிட்டு வாருங்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. கடைக்குப் பின்னால் சந்தில், மழையில் நனைந்து கத்திக்கொண்டிருந்த சாம்பல் நிறப் பூனைக்குட்டி ஒன்றை என் அறைக்குத் தூக்கி வந்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும். பசிக்குமே என்று டீக்கடையில் பால் வாங்கி, ஆற்றி (சர்க்கரை வேறு போட்டு!) ஊட்டினேன். அது குடித்த வேகத்தைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு பெருமை. காலையில் எழுந்து பார்த்தால் என் பாய், தலையணை, இருந்த ஒரே நல்ல வேட்டி எல்லாம் நாசம். குட்டி மூலையில் துவண்டு கிடந்தது.

தேனாம்பேட்டையில் ஒரு கால்நடை டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

“என்ன குடுத்தீங்க?”

“பால் டாக்டர்.”

“மாட்டுப்பால் கன்னுக்குட்டிக்கு. இது கன்னுக்குட்டி மாதிரியா இருக்கு?”

“பூனை பால் குடிக்கிற மாதிரி ஒண்ணாங்கிளாஸ் புஸ்தகத்துலயே படம் இருந்துச்சே டாக்டர்...”

“அடுத்த பக்கத்துல அந்தப் பூனைக்கு என்ன ஆச்சுன்னு போட்டிருந்தாங்களா?”

போடவில்லைதான்.

அவர் குட்டியின் கழுத்துத் தோலை மெல்ல இழுத்து விட்டார். இழுத்த தோல் அப்படியே நின்று, மெதுவாகத்தான் இறங்கியது. “பாத்தீங்களா, உடம்புல தண்ணியே இல்ல. மணிக்கொரு தடவை இந்த மருந்துத் தண்ணியைச் சொட்டுச் சொட்டா விடுங்க. சாப்பாடு இந்த டப்பால இருக்கிறது மட்டும். பால் கூடவே கூடாது. இன்னிக்குத் தாண்டிட்டா பிழைச்சுக்கும். திரும்பவும் போச்சுன்னா உடனே தூக்கிட்டு வாங்க” என்றார்.

மணிக்கொரு தடவை என்றால் எப்படி? முகூர்த்த சீசன். லீவு கேட்டால் முதலாளி அண்ணாச்சி நிரந்தர லீவாகவே கொடுத்துவிடுவார். ஒரு சேலைப் பெட்டியில் ஓட்டை போட்டு, குட்டியை உள்ளே வைத்து, நான் உட்கார்ந்து சேலை விரிக்கும் மெத்தைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். விஷயம் செல்விக்கு மட்டும் தெரியும். நொச்சிக்குப்பத்திலிருந்து வருகிற பெண். நான் விரித்ததை மடித்து அடுக்குவது அவள் வேலை.

பத்து மணிக்கு மருந்து விட்டபோது கண்ணைத் திறந்தது. பதினொன்றுக்குக் கழுத்துத் தோலை இழுத்துப் பார்த்தேன், சற்று வேகமாக இறங்கியது. சரி, தாண்டிவிட்டது என்று நான் குஷியாக இருந்த நேரத்தில் அபிராமபுரத்திலிருந்து ஒரு மாமியும் அவருடைய மகளும் வந்தார்கள். மகளுக்குக் கல்யாணம். முதல் சேலையே மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். முந்தானையை விரித்துப் போட்டேன்.

இரண்டு பேரும் காபி எடுத்துக்கொள்ள அந்தப் பக்கம் திரும்பினார்கள். அவ்வளவுதான் நேரம். பெட்டி மூடி எழும்பியது. குட்டி தள்ளாடி வந்து முந்தானையின் நடுவில் நின்றது. ஒரு சுற்று சுற்றியது. குந்தியது. போயேவிட்டது!

குட்டியைப் பெட்டிக்குள் போட்டு, மேலே ஒரு பச்சைச் சேலையை வீசினேன். அதன் மேல் மயில்கழுத்து. அதன் மேல் கத்தரிப்பூ. முன்னால் ஒரு கை பட்டை விரிக்க, முதுகுக்குப் பின்னால் ஒரு கை குட்டிக்கு மூச்சு இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்னது மட்டும்தான் தலைக்குள் ஓடியது.

“பரவால்லையே, கேக்காமயே இத்தனை விரிக்கறாரே!” என்று மாமிக்கு ஆச்சரியம். முப்பது சேலையாவது ஆகியிருக்கும்.

“எல்லாம் நன்னாத்தான் இருக்கு. மொதல்ல ஒரு மாம்பழக் கலர் காட்டினேளே, அதை எடுங்கோ.”

“அது டேமேஜ் பீஸ் மாமி.”

“அப்போ எதுக்குக் காட்டினேள்? வேற யாருக்கோ ஒளிச்சு வெச்சிருக்கேளா?”

கல்லாவில் இருந்த அண்ணாச்சிக்கு இது கேட்டுவிட்டது. “ஏலே, அம்மா கேக்கதை எடுத்துக் குடுலே!” என்று அவரே வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். நான் திருச்செந்தூர் முருகனைக் கும்பிட்டேன். அவர் வேறு வேலையாக இருந்தார் போலிருக்கிறது.

கடைசியில் மாம்பழம் வந்தது. முந்தானை நடுவில், எலுமிச்சம்பழ அளவில், நன்றாக ஊறிப் பரவிய ஒரு வட்டம்.

மாமி கண்ணாடியைச் சரிசெய்தார். “இது என்னது?”

மூளை வரவில்லை. வாய் வந்துவிட்டது. “புட்டா மாமி, நெசவுலயே போட்ட பூ. ஒத்தை புட்டா. இப்போ இதுதான் புதுசா வந்திருக்கு.”

மாமி தடவிப் பார்க்கக் கையை நீட்டினார். “தொடாதீங்க!” என்று அலறினேன்.

“ஏன்?”

“ஜரிகை... இன்னும் காயல.”

நாற்பது வருஷத் தொழிலில் கேள்விப்படாத அந்த ஜரிகையைப் பார்க்க அண்ணாச்சி குனிந்தார். குனிந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார். “ஏலே, இது புட்டாவாலே?”

பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்ன முனகல். எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. குட்டியை அள்ளி எடுத்தேன். “வேலைய விட்டுத் தூக்கிருங்க அண்ணாச்சி. இதை இப்பமே டாக்டர்ட்ட கொண்டு போவணும். செத்துரும்” என்று அத்தனை பேர் முன்னால் ஓவென்று அழுதேன். (அண்ணாச்சி எத்தனை திட்டியும் வராத அழுகை!)

கல்யாணப் பெண்தான் கையை நீட்டினாள். “இங்க குடுங்கோ. எங்காத்துலயும் ஒண்ணு இருக்கு.” மடியில் வைத்துக் கழுத்துத் தோலை இழுத்து விட்டாள். “டக்குனு திரும்பிடுத்தே! பயப்படாதேள், டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்கோ. யாரோ பால் குடுத்திருக்கா.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் செல்வியைப் பார்த்தேன்.

“இன்னாண்ணா மொறைக்கிற? பசில கத்திக்கினு கீது, பாவம். டீயில பன்னைத் தொட்டு இத்துனூண்டு குடுத்தேன். பாலா குடுத்தேன்?”

அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்தாள். மாமி அடக்கிப் பார்த்து, முடியாமல் அவரும் சிரித்தார். “அண்ணாச்சி, இதே பொடவைல புட்டா இல்லாம ஒண்ணு இருக்கா?” என்று கேட்டாள் பெண். இருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள்.

அண்ணாச்சி கறைபட்ட சேலையைப் பேப்பரில் சுருட்டி என் மடியில் எறிந்தார். “உன் டிசைனை நீயே கட்டிக்கோ. மொதல்ல டாக்டர்ட்ட ஓடு.”

மூன்றாம் நாள் குட்டி கெட்டியாக ஒன்று போனது. போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். பரீட்சையில் பாஸானபோதுகூட நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. குட்டிக்குப் பெயர் தேடவே வேண்டியிருக்கவில்லை. புட்டா இப்போது ஐந்து கிலோ. என் நாற்காலியில்தான் உட்காருவான்.

சேலையை எத்தனை முறை டிரைவாஷ் போட்டும் அந்த வட்டம் போகவில்லை. கல்யாணமான புதிதில் பீரோவில் அதைக் கண்டுபிடித்த என் மனைவி, கதையைக் கேட்டுவிட்டு, அதையேதான் கட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். எந்த விசேஷத்துக்கும் அதுதான். போன மாதம் மயிலாப்பூரில் ஒரு கல்யாணத்தில், பக்கத்து நாற்காலிப் பெண்மணி முந்தானையைக் கையில் எடுத்து ரசித்தார்.

“ஒரே ஒரு புட்டா, அழகா இருக்கே! கைவேலையா?”

என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு பந்திப் பக்கம் ஓடிவிட்டாள். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“கைவேலை இல்லக்கா” என்றாள்.