ஜெர்மனி சுற்றி வந்த ராசிபலன்

என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த முதல் வேலை, நானே கெடுத்துவைத்த ஒன்றைச் சரிசெய்ததுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கொஞ்சம் பெருமைகூட உண்டு. (வீட்டில் கேட்டால், 'கொஞ்சமா?' என்பார்கள்.)

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். விருதுநகரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த கையோடு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பாவுக்கு, எங்கள் வீட்டுப் பேச்சில் அத்தாவுக்கு, மல்லி, வத்தல் வியாபாரம். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளை பஸ் ஏறி வேலைக்குப் போனது அதுதான் முதல் தடவை. இன்டர்வியூவில் முதலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கம்ப்யூட்டர்ல எல்லாம் தெரியுமாம்மா?"

"எல்லாம் தெரியும் அண்ணாச்சி."

பட்டாசுப் பெட்டி லேபிளும் காலண்டரும் அடித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, ஜெர்மனியிலிருந்து ஒரு பதிப்பகத்தின் குழந்தைகள் புத்தக ஆர்டர் வந்தது. படங்கள் எல்லாம் அவர்களுடைய சர்வரில் இருந்தன. அவற்றை எடுக்க விபிஎன் போட வேண்டும். அதாவது, இணையத்துக்குள்ளேயே நம் ஆபீஸிலிருந்து அவர்கள் ஆபீஸுக்குப் போகிற, வெளியாள் எட்டிப்பார்க்க முடியாத தனிப்பாதை. எப்படிப் போடுவது என்று இரண்டு பக்கக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். முதல் பக்கத்தைப் படித்தேன். (இரண்டாம் பக்கம் எதற்கு? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.)

எங்கள் ஆபீஸ் முழுவதற்கும் ஒரே கம்ப்யூட்டர் வழியாகத்தான் இணையம் போனது. அதில் விபிஎன்னை அமைக்கும்போது ஒரு சின்னக் கட்டம் வந்தது: எல்லாப் போக்குவரத்தையும் இதன் வழியாகவே அனுப்பலாமா? யோசிக்காமல் டிக் அடித்தேன். பாதுகாப்பு என்று இறங்கிவிட்டு அதில் கஞ்சத்தனம் எதற்கு? படங்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. அண்ணாச்சி எல்லாருக்கும் லட்டும் காராச்சேவும் வாங்கித் தந்தார். அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்ததுகூட என் படிப்புக்குக் கிடைத்த மரியாதை என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள், அச்சுத் தகடு தயாரிக்கிற பிளேட் செக்ஷன் ஃபோர்மேன் மாரியப்பன் அண்ணன் வந்து நின்றார்.

"ஏம்மா பரீதா, கூகுளத் தொறந்தா என்னமோ பாஷைல வருதே?"

"அது சர்வதேச செட்டிங் அண்ணே."

"அதுக்கு எதுக்கு இம்புட்டு மெதுவா வருது?"

"தூரத்துலருந்து வருதுல்ல."

(நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அது உண்மை என்று எனக்கே தெரியாது.)

பத்து நாள் கழித்து ஒரு காலையில் விபிஎன் செத்துப்போனது. அட்டைப் படமும் கடைசிப் பக்கங்களும் இன்னும் இறங்கவில்லை. புத்தகம் ஏற வேண்டிய கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் சென்னையிலிருந்து ரஞ்சனி மேடம் போன் செய்தார். பதிப்பகத்துக்கும் எங்களுக்கும் நடுவில் பேசுகிறவர் அவர்தான். அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார். அறையில் ஆறு பேர் இருந்தோம்.

"சார், லைனை அவங்கதான் கட் பண்ணியிருக்காங்க. உங்க ஆபீஸ்ல யார் என்ன பார்த்தாலும் அது ஜெர்மனி போய், அவங்க நெட்வொர்க் வழியாத்தான் வெளிய போகுது. லிஸ்ட் எடுத்து அனுப்பியிருக்காங்க. வாசிக்கிறேன், இதெல்லாம் புக்குக்குத் தேவையான்னு சொல்லுங்க. கிரிக்கெட் ஸ்கோர், நாள் முழுக்க."

டிசைன் செக்ஷன் ஆட்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"மாப்பிள்ளை தேடற வெப்சைட்."

"எம்மகளுக்குத்தாங்க. பொறந்தது ஐப்பசி" என்று மாரியப்பன் அண்ணன் போனைப் பார்த்து விவரம் சொன்னார்.

"தினமும் காலைல ஒன்பது மணிக்கு, சிம்ம ராசி பலன்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"அப்புறம், லைன் போட்ட மறுநாளே யாரோ தேடியிருக்காங்க. விபிஎன் என்றால் என்ன? அடுத்தது, விபிஎன்னைப் பத்து நிமிஷத்தில் கற்பது எப்படி? அடுத்தது..." ரஞ்சனி மேடம் சிரிப்பை அடக்குவது ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. "தெரியாத வேலையைத் தெரிந்ததுபோல் செய்வது எப்படி?"

ஐந்து தலைகள் என் பக்கம் திரும்பின. பூமி பிளக்கும் என்று எதிர்பார்த்தேன். அது பாட்டுக்குச் சும்மா கிடந்தது.

சாஃப்ட்வேர் கோளாறு என்று சொல்ல வாய்வரை வந்தது. அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். சொல்ல மனம் வரவில்லை.

"அது நான்தான் மேடம். எல்லாத்தையும் அதுவழியா அனுப்புனதும் நான்தான். மத்தவுக மேல தப்பில்ல. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிருதேன்."

"அஞ்சு மணிக்கு ஒரு தடவை லைன் திறக்கச் சொல்றேன். அப்பவும் இதே மாதிரி இருந்தா, ஆர்டரை வேற ப்ரெஸ்ஸுக்கு மாத்திருவாங்க."

போனை வைத்ததும் அண்ணாச்சி கேட்டார். "முடியுமாம்மா?"

"தெரியல அண்ணாச்சி. பார்க்கிறேன்."

அந்த ஆபீஸில் 'தெரியல' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு மூச்சு நன்றாகவே வந்தது.

டிக்கை எடுத்தேன். அதோடு வேலை முடியாது என்பது புரிந்தது. எல்லாமே தனிப்பாதையில் போகவேண்டாம் என்றால், எது போக வேண்டும் என்று யாராவது கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டுமே! அப்போதுதான் அந்த இரண்டாம் பக்கம் ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தால், எந்த இரண்டு முகவரிகளை மட்டும் விபிஎன் வழியாக அனுப்ப வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். என்ன கட்டளை கொடுப்பது என்று அதில் இல்லை. அதை நானே உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்தேன். (அந்தத் தேடலையாவது ஜெர்மனி பார்க்கவில்லை.) மூன்று தடவை முகவரி எண்ணைத் தப்பாக அடித்து, நாலாவது தடவை சரியாக அடித்தேன். அண்ணாச்சி பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா பண்ணிக்கிட்டு இருக்க?"

"இம்புட்டு நாளா ஆமத்தூருக்குப் போறவுக, சாத்தூருக்குப் போறவுக எல்லாரையும் ஜெர்மனி சுத்தி எறக்கிவிட்டுக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி. இனிமே ஜெர்மனிக்குப் போறவுக மட்டும் ஜெர்மனி பஸ்ல ஏறுவாக. மத்தவுக நம்ம ரோட்டுலயே போயிக்கிடலாம்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ராசிபலன் எந்த பஸ்லம்மா?"

"நம்மூரு பஸ்ல அண்ணாச்சி."

"அது போதும்."

ஐந்து மணிக்கு லைனைத் திறந்தார்கள். அட்டைப் படம் இறங்கத் தொடங்கியது. பக்கத்துக் கம்ப்யூட்டரில் கிரிக்கெட் ஸ்கோர் ஓடிக்கொண்டிருந்தது. "அங்க இப்ப புக் ஃபைல் மட்டும்தான் தெரியுதாம்" என்றார் போனில் ரஞ்சனி மேடம். புத்தகம் குறித்த நாளில் கப்பல் ஏறியது. அடுத்த மாதம் ஜெர்மனி இன்ஜினியர், எதை விபிஎன் வழியாக விட்டேன், எதை வெளியே விட்டேன் என்று எழுதி அனுப்பச் சொன்னார். என் ஓட்டை இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதினேன். மற்ற அச்சகங்களுக்கும் அவர்கள் அதையே அனுப்பிவைத்தார்கள். இன்றைக்கு நாலு ஊர் ஆபீஸ்களின் நெட்வொர்க்கை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த ஒரு பக்கம் தந்த மிதப்பு வேறெதிலும் வரவில்லை.

விஷயம் மாரியப்பன் அண்ணன் மூலமாக அத்தா காதுக்குப் போனது. போகிற வழியில் அது எப்படியோ உருமாறியும் விட்டது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அத்தா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்:

"எம்மக என்ன பாக்குறா, எதத் தேடுறான்னு ஜெர்மனிக்காரன் பத்து நாளு உட்காந்து கவனிச்சிருக்கான். அம்புட்டு முக்கியமான புள்ள!"

மாப்பிள்ளை கம்ப்யூட்டர் படித்தவர். குடித்துக்கொண்டிருந்த சர்பத் அவருக்குப் புரையேறியது. அவருக்கு மட்டும் எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்துவிட்டது.

இன்றும் ஒவ்வொரு பெருநாளைக்கும் சொந்தக்காரர்கள் கூடியதும், "மாமா, அந்த ஜெர்மனிக்காரன் கதையைச் சொல்லுங்க" என்று அவர்தான் எடுத்துக் கொடுப்பார். அத்தா முதலிலிருந்து ஆரம்பிப்பார். நான் பிரியாணி பரிமாறிக்கொண்டே கேட்பேன். திருத்த மாட்டேன். அத்தா சொல்வதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லையே!