மிச்ச மாத்திரை மாஸ்டர்

கஞ்சனா? அவரா? வாய் கூசாமல் சொல்கிறார்களே! ஒரே ஒரு மாத்திரை கேட்டதற்கு இல்லையென்று சொல்லிவிட்டாராம். மகள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலிருந்து தலைக்கனம் ஏறிவிட்டதாம். இருபது வருஷம் அவர் கையால் ஓசியில் வாங்கி விழுங்கிய வாய்கள்தான் இப்படிப் பேசுகின்றன.

மிச்ச மாத்திரைக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. உங்கள் தெருவில் இல்லையென்றால் நீங்கள் இன்னும் சரியாகத் தேடவில்லை என்று அர்த்தம். டாக்டர் ஏழு நாளைக்குக் கிருமியைக் கொல்லும் மாத்திரை எழுதிக் கொடுப்பார். இவருக்கு இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், காய்ச்சல் விட்டதும் நாக்கில் ருசி வந்துவிடும், ருசி வந்ததும் டாக்டரைவிட அறிவும் வந்துவிடும். மிச்ச மாத்திரை டப்பாவுக்குப் போய்விடும்.

நம்முடைய மாஸ்டருக்கு அது பொத்தான் டப்பா. தையல்காரர் அல்லவா? வெட்டிய துணியில் விரற்கடை மிஞ்சினாலும் எறிய மாட்டார். அதில் ஒரு சட்டைப் பை, அதற்கும் மிஞ்சினால் காலருக்கு உள்பட்டை. மாத்திரைக்கும் அதே நியாயம். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிற வழக்கமில்லை. நூல்கண்டு எடுப்பதுபோல் நிறம் பார்த்துத்தான் எடுப்பார்.

"மாஸ்டர், தொண்டை கரகரங்குது."

"முழுங்கும்போதா, பேசும்போதா?"

"பேசும்போது."

"அப்ப ரோஸ். ரெண்டு போதும். மூணாவது உடம்புக்குச் சூடு."

சளிக்கெல்லாம் இந்த மருந்து உதவாது என்று ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள். சுவரா வந்து கைராசி காட்டும்?

இப்படி இருக்கையில்தான் அவருடைய ஒரே மகளுக்கு, பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் அந்த வாய்த்துடுக்குக்காரிக்கு, ரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். நோயைக் கொல்ல ஏற்றிய மருந்து, கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்களையும் சேர்த்து வழித்தெடுத்துவிட்டது. கதவே இல்லாத வீடு மாதிரி ஆகிவிட்டது உடம்பு. "லேசா காய்ச்சல் அடிச்சாலும் உடனே இங்க வந்துடணும். வீட்ல எதையும் குடுத்துப் பாக்காதீங்க" என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். மாஸ்டர் இரண்டு தடவையும் தலையாட்டினார். அளவு எடுக்கும்போது வாடிக்கைக்காரர் சொல்வதற்கெல்லாம் ஆட்டுகிற அதே தலை.

ஒரு மத்தியானம் காய்ச்சல் நூற்றொன்று. ஆஸ்பத்திரிக்கா போனார்? மஞ்சளில் இரண்டு, நீலத்தில் ஒன்று. சாயங்காலம் சற்றே தணிந்தது. "பாத்தியா!" என்றார். மறுநாள் காலையில் நூற்று மூன்று. மகள் கண்ணைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில், என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டதும் மாஸ்டர் டப்பாவையே பெருமையாக எடுத்து நீட்டினார். டாக்டரம்மா ஒவ்வோர் அட்டையாகப் படித்தார். இருபது வருஷத்தில் அந்த டப்பாவைப் படித்த முதல் ஆள்.

"இதெல்லாம் இவங்க சாப்பிட்டிருக்காங்களா?"

"சின்ன வயசுலேர்ந்து, டாக்டர். ரெண்டு ரெண்டா, அளவாத்தான்."

"பாதி மருந்துல சாகாம தப்பிச்ச கிருமி, அந்த மருந்தையே தாங்கப் பழகிக்கிச்சு, ஐயா. இப்ப ரத்தத்துல இருக்கறதுக்கு இந்த டப்பால எதுவும் எடுபடாது. எங்கிட்டயும் ஒரே ஒரு மருந்துதான் மிச்சம். அதுவும் கேக்கலைன்னா என்கிட்ட ஒண்ணுமில்லை."

மிச்சம் என்ற சொல் அன்றைக்குத்தான் மாஸ்டர் காதில் சுட்டது.

அத்தோடு திருந்தினாரா? அவ்வளவு லேசா! பதினாலு நாள் ஏற்ற வேண்டிய மருந்து. நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மாஸ்டர் மெதுவாக நர்ஸின் பக்கம் நகர்ந்தார்.

"சிஸ்டர், காய்ச்சல்தான் விட்டுருச்சே. மீதி பாட்டிலைக் குடுத்தீங்கன்னா, எடுத்து வச்சுக்கலாம்..."

கட்டிலில் முடியெல்லாம் உதிர்ந்து கிடந்த மகள் கண்ணைத் திறந்தாள்.

"அப்பா, ஒரு கை மட்டும் வச்சு யாருக்காவது சட்டை தைச்சுக் குடுத்திருக்கீங்களா?"

"எவன் வாங்குவான்?"

"அப்ப என்னை மட்டும் ஏம்ப்பா பாதியில விடுறீங்க?"

மனுஷர் நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். பத்து நாள், பாட்டிலில் கடைசிச் சொட்டு விழும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். கிருமி அடங்கியது. புற்றுநோய்க்கு இன்னும் மூன்று சுற்று மருந்து பாக்கி; ஒவ்வொரு சுற்றிலும் காய்ச்சல் வரலாம்.

கடைசிச் சொட்டு விழுந்த அன்றைக்கே வீட்டுக்கு வந்து, முன்பே திரும்பி வந்திருந்த டப்பாவோடு வாசலைத் தாண்டினார், ஆஸ்பத்திரியில் கொடுத்து அழிக்கச் சொல்ல. மகள் எப்படி இருக்கிறாள் என்று தெருவில் ஒருத்தர் கேட்க வேண்டுமே!

"மாஸ்டர், அந்த ரோஸையாவது வச்சுட்டுப் போங்க!"

"எனக்குப் பல்லு வலி, நீலம் ரெண்டு!"

"டாக்டரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அன்று பிறந்ததுதான் கஞ்சன் பட்டம்.

நீட்டிய கைகளில் உங்களுடையது இல்லை என்கிறீர்களா? சரி, நம்புவோம். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலே, பழைய சாவிக்கும் தீர்ந்துபோன பேட்டரிக்கும் நடுவில் ஓர் அட்டை கிடக்கிறதே. மூன்று குழி காலி, ஏழு குழியில் மாத்திரை அப்படியே. அதை யாருக்கு வைத்திருக்கிறீர்கள்?