மச்சான் சிகரெட்டை விட்ட கதை

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு கெட்ட பழக்கத்தை ஒளித்து வைப்பது பெரிய வேலையே இல்லை. அதை விடப்போகிறோம் என்பதை ஒளித்து வைக்கத்தான் படாத பாடு படவேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருஷம், மனைவி செல்விக்குத் தெரியாமல் தினம் எட்டு சிகரெட் பிடித்தவன் என்ற முறையில் இதை முழுப் பொறுப்போடு சொல்கிறேன். (வாசனையை மறைக்க நான் மென்ற ஏலக்காயில் ஊருக்கே பாயசம் வைத்திருக்கலாம்.)

இருமல் விடாமல் பிடித்தபோது பயம் வந்துவிட்டது. தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் புகைப்பழக்கத்தை விட இலவசமாகவே உதவுகிறார்கள் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். (சொன்னவர் வாயில் சிகரெட் இருந்தது.) சரி, போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

வீட்டில், "குத்தாலத்துக்குக் குளிக்கப் போறேன்" என்றேன். சாரல் காலம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் அருவிக்குப் போகிறவன் வறட்டுத் தலையோடு போகலாமா என்று செல்வி அரைக் கிண்ணம் நல்லெண்ணெயை என் உச்சியில் கவிழ்த்துவிட்டாள். காதோரம் எண்ணெய் வடிய, தோளில் துண்டோடு, அப்படியே ஆலோசனை அறையில் போய் உட்கார்ந்தேன்.

ஆலோசகர் சுரண்டைக்காரப் பெண், சின்ன வயசு. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணாச்சி, எண்ணெ தேச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த மொத ஆளு நீங்கதான்" என்று சிரித்துவிட்டுப் பேர் கேட்டார்.

வெளியே பெஞ்சில் பாதித் தென்காசி உட்கார்ந்திருந்தது. "சங்கரபாண்டி" என்றேன். அது என் பேர் இல்லை. செல்வியின் அண்ணன் பேர். கடையத்தில் குடியிருக்கும் போலீஸ் ஏட்டு, பாக்குகூடப் போடாத மனுஷர். அடுத்தது போன் நம்பர். என் போனைப் பாதி நேரம் செல்விதான் எடுப்பாள். மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு நம்பர் மச்சானுடையது. அதையே சொல்லித் தொலைத்தேன். "வீட்ல தெரியுமா?" என்று கேட்டார். "அவதான் அனுப்பிவச்சா" என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்தவா முடியும்?

ஆலோசனை அருமையாக இருந்தது. ஆசை வந்தால் தண்ணீர் குடி, ஐந்து நிமிஷம் தள்ளிப்போடு, கூடவே வாயில் போட்டு மெல்ல ஒரு மருந்து. "வாரா வாரம் நாங்களே போன் பண்ணிக் கேப்போம்" என்று அவர் சொன்னதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சானும் அவர் மனைவி கோமதி அக்காவும் எங்கள் வாசலில் நின்றார்கள். அக்காவுக்கு அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"ஏட்டி செல்வி, ஒங்க அண்ணன் லெச்சணத்தக் கேளு. அவுக போன நான் எடுத்தா, ஆஸ்பத்திரியில இருந்து ஒரு பிள்ள பேசுதா. ஒரு நாளைக்கு எட்டு சிகரெட்டாம், ஒம்பது வருசமாம்! நீங்கதான அனுப்பிவச்சிய, ரொம்ப சந்தோசம்க்கான்னு எனக்கே வாழ்த்துச் சொல்லுதா!"

"நான் கையால தொட்டதில்ல, கோமதி" என்றார் மச்சான்.

"பிடிபட்ட கள்ளன் எல்லாம் இப்படித்தான் சொல்லுதான்னு நீங்கதான சொல்லுவிய?"

செல்வி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். "இந்தா, இவுகளும் ஆம்பளதான? ஒரு கெட்ட பழக்கம் உண்டா? நீங்க மாடிக்குக் கூட்டிட்டுப் போயி அண்ணனுக்குப் புத்தி சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன் ஐயா, சொன்னேன். மொட்டைமாடியில் நின்று, ஆசை வந்தால் தண்ணீர் குடிங்க மச்சான், ஐந்து நிமிஷம் தள்ளிப்போடுங்க என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். மச்சான் தன் இரண்டு கைகளையும் என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாரு மாப்பிள. மூணு நாளா சோறு வைக்கா, பேச மாட்டேங்கா. இத்தன வருசத்துல அவகிட்ட நான் ஒரு பொய் சொன்னதில்ல. நீயாவது நம்புதியா?"

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. விறுவிறுவென்று கீழே இறங்கி, இரண்டு பெண்கள் முன்னாலும் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டேன்.

கோமதி அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மச்சானிடம் போய், "காலையில ஒண்ணும் சாப்பிடலயே, ரெண்டு இட்லி வைக்கட்டா?" என்றாள். செல்வி மட்டும், "அண்ணே, இவுகள உங்க ஸ்டேஷனுக்குக் கொண்டுபோயி ரெண்டு நாள் விசாரிங்க" என்றாள். பிறகு ஒரு வாரம் எனக்கும் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

மறுநாளே மச்சான் என்னைப் பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "சங்கரபாண்டி நான்தாம்மா, குடிச்சது இவன்" என்றார். அந்தப் பெண் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பேரைத் திருத்த அனுமதித்த மச்சான், நம்பரை மட்டும் மாற்ற விடவில்லை. வாரா வாரம் அழைப்பு அவருக்குத்தான் போகும். உடனே எனக்குப் போன் வரும். "மாப்பிள, என் மானத்த வாங்கிராத!" சிகரெட்டுக்குப் பயப்படாதவன் அந்தக் குரலுக்குப் பயந்தே விட்டேன். விட்டு மூன்று வருஷமாகிறது, இருமலும் போய்விட்டது, சந்தோஷமாக இருக்கிறேன்.

ஆனால் பேர் எனக்கில்லை. சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் செல்வி ஆரம்பித்துவிடுவாள்: "ஒரு சிகரெட்டுகூடக் குடிக்காம சிகரெட்ட விட்ட ஒரே ஆளு எங்க அண்ணன்தான்." பந்தியில் இருக்கும் மச்சான் நிமிர்ந்து பார்ப்பார்.

"லேசுப்பட்ட காரியமா? ரொம்பக் கஷ்டப்பட்டேன்" என்பார்.