ஏ.சி. அறை ராசாத்தி

வெட்கம், மானம், சூடு, சுரணை என்று ஆண்டவன் மனிதர்களுக்குப் பங்கு வைத்த நேரத்தில், செல்லூர் பிளக்ஸ் அண்ணன் மட்டும் டீ குடிக்கப் போயிருந்தார். அவருடைய பங்கும் தவறிப்போய் என் தலையில் விழுந்தது. அவர் கடையில் நான் டிசைனராக இருந்த காலம் முழுக்க, அவருக்கும் சேர்த்து நானே வெட்கப்பட்டேன்.

அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. விசைத்தறிச் சத்தம் ஓயாத சந்துக்குள் பிளக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருந்ததால் பிளக்ஸ் அண்ணன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எதுவாக இருந்தாலும் பல் தெரியச் சிரிக்கிற படத்தைத்தான் போடச் சொல்வார். "செத்தவரு சிரிக்கட்டும் தம்பி, இருக்கறவக அழுதுக்கிருவாக" என்பது அவர் கட்சி. அப்படிச் சிரித்த ஒரு பெரியவரின் மகன்கள் நாலு பேர் சண்டைக்கு வந்தபோது கைகட்டி நின்றது நான். அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார்.

அவர் ஒரு பாம்பு வளர்த்தார். நம்மூர்ப் பாம்பு என்றால் வனத்துறை வந்துவிடும். இது ஆப்பிரிக்கக் குட்டி மலைப்பாம்பு. முறைப்படி பதிவு செய்து, அந்தச் சான்றிதழை லேமினேட் பண்ணி, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். பெயர் ராசாத்தி. பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனுஷர். வீட்டுக்குப் போனால் பேச ஆள் இல்லை என்று கடையிலேயே ராசாத்தியோடு பேசிக்கொண்டிருப்பார்.

அவர் அப்படிப் பேசியதோடு நின்றிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். பிளக்ஸில் 'வாழ்த்தும் நெஞ்சங்கள்' வரிசையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், "நம்ம புள்ள போட்டோவ வைப்பா" என்பார். ஏரியா அரசியல் பிரமுகர் ஒருவரின் பிறந்தநாள் பேனரில் இப்படி வைத்துவிட்டோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "யாருய்யா இது, எந்த வார்டு?" என்று கேட்டார். பதில் சொல்ல அண்ணன் என்னைத்தான் முன்னால் தள்ளினார்.

இப்போது அந்தச் சித்திரை மாதத்துக்கு வருகிறேன். அக்னி நட்சத்திர வெயில். கடையில் இருந்த ஒரே ஏ.சி., பிரிண்டிங் மிஷின் அறையில். ராசாத்தியின் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கி அங்கே வைத்துவிட்டார் அண்ணன். நாங்கள் இருவரும் வெளியே வேர்வையில் உப்புப் பூத்து உட்கார்ந்திருந்தோம்.

"அண்ணே, ஆப்பிரிக்கா வெயில் ஊராச்சே. அதுக்கு எதுக்கு ஏ.சி.?"

"அதாண்டா பாவம். அம்புட்டு வெயில்ல கெடந்துட்டு நம்மள நம்பி வந்திருக்கு. நம்ம புள்ளையாச்சும் குளுகுளுன்னு இருக்கட்டும்."

நான் ஒரு பிளக்ஸ் துண்டை எடுத்து விசிறிக்கொண்டேன்.

எனக்கு அப்போது பெண் பார்த்து முடிந்திருந்தது. பெண் அலங்காநல்லூர். எங்கள் இருவருக்கும் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பா மட்டும், "காளைய வாங்குனாலே கட்டுத்தறியப் பாத்துட்டுத்தான் வாங்குவேன். மாப்பிள்ள வேலை பாக்குற எடத்தப் பாக்காமயா?" என்று சொல்லிவிட்டார். ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர். நானோ தரகரிடம் 'அட்வர்டைசிங் கம்பெனி' என்று சொல்லி வைத்திருந்தேன்.

அவர் வருகிற அன்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கடைக்குப் போனேன். அண்ணன் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ராசாத்திக்குச் சட்டை உரிகிற பருவம். வழக்கமாக ஒரே உறையாகக் கழற்றிப் போட்டுவிடும். அன்று, சுவரில் பாதி கிழிந்த போஸ்டர் மாதிரி உடம்பெல்லாம் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. கண் இரண்டின் மேலும் பழைய தோல் வெள்ளையாக மூடிக்கிடந்தது.

"புள்ளைக்குக் கண்ணு தெரியலடா தம்பி. கையக் காட்டுனாலும் திரும்ப மாட்டேங்குது" என்றார். அவர் கையில் போர்டு ஒட்டுகிற டபுள் சைடு டேப். "இத ஒட்டி ஒரு இழுப்பு இழுத்தா வந்துராது?"

அவசரமாகக் கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, டேப் வரைக்கும் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"டேப்பைக் கீழ போடுங்க மொதல்ல! இழுத்தா கண்ணே கெட்டுப் போயிரும்!" அந்தச் சத்தத்தில் பக்கத்துத் தறியே நின்றிருக்கும். "ஆமா, எங்க வச்சிருக்கீங்க அதை?"

"ஏ.சி.லதாம்மா. ராணி மாதிரி வச்சிருக்கேன்."

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. "ஏ.சி. காத்து ஈரத்த உறிஞ்சிரும்யா. அதான் தோல் காஞ்சு ஒட்டிக்கிச்சு. குளிரும் அதுக்கு ஆகாது."

"அப்ப… இதுக்குக் காரணம் நாந்தானாம்மா?"

ஊரே காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு சிரிக்கிற மனிதர், அந்தப் பெட்டிக்கு முன்னால் தலை குனிந்து நின்றார். அவருக்கு வெட்கம் வந்து நான் பார்த்தது அன்றுதான். சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. எழுந்து போய் ஏ.சி.யை அணைத்தேன்.

டாக்டரம்மா சொன்ன வைத்தியம் எளிது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் கிடத்த வேண்டும். பிறகு ஈரத் துண்டைச் சுற்றிப் பிடித்து, அதன் வழியாக ஊர்ந்து போக விடவேண்டும். "நீங்க உரிக்கக் கூடாது. அதுவா உரிச்சுக்கணும். கண்ணைத் தொடவே தொடாதீங்க. வரலன்னா இங்க தூக்கிட்டு வாங்க."

துணி அலசுகிற டப்பில் ஊறிய ராசாத்தியை வெளியே எடுக்கக் குனிந்த அண்ணன் பாதியிலேயே நிமிர்ந்துவிட்டார். "என்னால முடியலடா. நீ பிடி, நான் துண்டப் பிடிக்கேன்" என்றார். அதுவரை வாசற்படியில் நின்றுதான் அதனோடு எனக்குப் பழக்கம். அழகரையும் மீனாட்சியையும் பாண்டி முனியையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுவிட்டுக் கையை நீட்டினேன். அது என் முழங்கை வரை சுற்றிக்கொண்டது. பயந்து போயிருந்தது, என்னை விடக் கொஞ்சம் கம்மியாக.

துண்டுக்குள் புகுந்து போகப் போகத் தோல் கழன்று வந்தது. சரி, வந்துவிடும் என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் வாசலில் கனத்த குரல் கேட்டது.

"தம்பி இருக்காகளா?"

முறுக்கு மீசை, மடிப்புக் கலையாத வேட்டி. பெண்ணின் அப்பா. சட்டை நனைந்து, தரையில் சம்மணம் போட்டு, கையில் பாம்போடு அவருடைய மருமகன். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

"வாங்க சம்பந்தி! நல்ல நேரத்துல வந்தீக. துண்ட ஒரு கை பிடிங்க!" என்றார் அண்ணன்.

ராசாத்தி தலையைத் தூக்கியது. அடுத்த நொடி, அத்தனை காளைகளைக் கண்ட மனிதர் என் கம்ப்யூட்டர் நாற்காலியின் மேல் நின்றார். அது சக்கரம் வைத்த நாற்காலி. அவரைச் சுமந்துகொண்டு நேராகச் சுவரில் போய் முட்டியது.

"ஏய் ஏய் ஏய்! எடுங்கப்பா அத!"

"ஒண்ணும் செய்யாது சம்பந்தி. பாவம், கண்ணு தெரியல அதுக்கு. எம்புள்ளைக்கு நானே கேடு பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் மறுபடி அழுதார்.

நாற்காலியில் நின்றபடியே அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "எங்க காளை ஒருக்க தீவனம் எடுக்காமக் கெடந்துச்சு. நானும் சோத்தத் தொடல" என்று மெதுவாகக் குரல் வந்தது. அதற்கப்புறம் இறங்காமலே மேஸ்திரி வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டார். "தம்பி, அவசரப்படாதீக. தல ஒரசுதுல்ல, ஒரசட்டும். கைய ஆட்டாதீக."

ராசாத்தி தன் மூஞ்சியைக் கொண்டுவந்து என் சட்டைக் கைமடிப்பில் தேய்த்தது. தேய்த்துத் தேய்த்து, தலைத்தோல் அப்படியே பின்னால் சுருண்டது. கண்ணை மூடியிருந்ததும் அதோடு போயிற்று. மிளகு மாதிரி ரெண்டு கருப்புக் கண். அண்ணன் விரலை அசைத்தார், அது திரும்பியது.

"பாக்குதுடா! என்னையப் பாக்குதுடா!"

நானும் அழுதுவிட்டேன். என்ன செய்ய, வெட்கத்தில் அதுவும் ஒரு வகை.

பெண்ணின் அப்பா இறங்கி, வேட்டியைச் சரிசெய்து, என்னை ஓரமாகக் கூட்டிப் போனார். "தம்பி, நான் நாக்காலியில ஏறுனத எங்கூர்ல யார்கிட்டயும் சொல்லிறாதீக. வாடிவாசல் பக்கம் தலைகாட்ட முடியாது."

"சொல்ல மாட்டேன் மாமா."

"நானும் அட்வர்டைசிங் கம்பெனின்னே சொல்லிக்கிறேன். அப்ப ஆவணியில வச்சுக்கிருவமா?"

கல்யாண மண்டப வாசலில் அண்ணன் அன்பளிப்பாக ஒரு பிளக்ஸ் கட்டினார். வாழ்த்தும் நெஞ்சங்கள் வரிசையில், கண் ரெண்டும் பளிச்சென்று தெரிய, 'மாப்பிள்ளையின் உடன்பிறவாத் தங்கை ராசாத்தி'. பெண் வீட்டார் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தார்கள். நான் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மாமா மட்டும் அந்தப் பக்கமே திரும்பாமல் உள்ளே போய்விட்டார்.

இன்றைக்கும் அந்த பிளக்ஸ்தான் மழைக்கு என் வண்டியை மூடுகிறது. கிழிந்துவிட்டது, வேற வாங்குங்க என்று என் மனைவி திட்டுகிறாள். வாங்கவேண்டும்தான். அதுவரை, தங்கச்சி முகமும் ஓரத்தில் இருக்கிற அண்ணன் கடைப் பெயரும் மடிப்பில் போய்விடாமல் பார்த்துத்தான் மூடிக்கொண்டிருக்கிறேன்.