நான் பேசாமல் இருந்தது உனக்கு வந்து சேரவில்லை

பசுவந்தனை
12.6.2004

சிங்கப்பூரில் இருக்கும் மகன் மாதவனுக்கு அம்மா வெயிலம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஆடுகளும் சுகம். நீயும் கிருஷ்ணப்ரியாவும் பேரனும் சுகமென்று போனில் சொன்னாய். என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுகிறேன்.

பேரனுக்குக் காது குத்தும் அழைப்பிதழை உன் மாமியார் சத்தியபாமா தபாலில் அனுப்பியிருக்கிறாள். இடம் அவள் ஊர் குளத்தூராம். கீழே அன்புடன் அழைக்கிறவர்களில் என் பெயரும் இருக்கிறது. நான் எப்போதடா அழைத்தேன்? இது எப்படி நடந்தது என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது, உனக்கும் விளங்கட்டும்.

இன்டர்நெட் போனில் பேசலாம் என்று நீ சொன்னாயே என்று பஸ் ஏறிக் கோவில்பட்டியில் அஃப்ஜல் கடைக்குப் போனேன். அவன் கயிற்றுக்கடை குலாம் ரசூலின் மகன். கிணற்றுக்கென்று கேட்டதற்கு இற்றுப்போன கயிற்றைத் தலையில் கட்டினாரே, அதே குலாம் ரசூல். பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை, கயிறு அறுந்தபோது அவன் பிறக்கவில்லை. முதல் தடவை மணி அடித்தது, நீ எடுத்ததாகத் திரை சொன்னது, ஆனால் சத்தம் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. "என்னலே அஃப்ஜலு, இது ஊமையா?" என்றேன். "இல்ல ஆச்சி. பேச்சைச் சுருக்கி அனுப்ப ஏழெட்டு விதம் இருக்கு, கோடெக்னு பேரு. இங்கன உள்ள கம்ப்யூட்டர் எனக்கு இதெல்லாம் தெரியும்னு சொல்லும், அங்கன உள்ளது எனக்கு அதெல்லாம் தெரியும்னு சொல்லும். ரெண்டுக்கும் தெரிஞ்ச ஒண்ணுலதான் பேச்சு ஓடும். ஒண்ணும் ஒத்துவரலைன்னா இப்படித்தான்" என்றான். மாதவா, உங்க அப்பா எட்டயபுரம் ஆட்டுச்சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவாரே, அதுதானே என்றேன். அவனுக்கு அது தெரியவில்லை.

பிறகு அஃப்ஜல் எதையோ தட்டினான். "நம்ம லைன் மெதுவு ஆச்சி, இந்த மெலிஞ்ச கோடெக்குதான் தாங்கும்" என்றான். உன் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறாற்போல வந்தது. அப்போதுதான் நீ கேட்டாய், "ஏம்மா, காதுகுத்தைக் குளத்தூர்லயே வச்சுக்கிடலாமா? நம்ம குலசாமிக்கு அப்புறமா ஒருநா போயிக்கிடலாம்" என்று. நான் பேசாமல் இருந்தேன். இந்த வீட்டில் நான் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? உங்க அப்பா என்னைக் கேட்காமல் மயிலைக் காளையை விற்ற வருசம் பருத்தி எடுத்து முடியும்வரை வாய் திறக்கவில்லை; மனிதர் தானாகவே போய்க் காளையை மீட்டு வந்தார். அந்தப் பேசாமையைத்தான் நல்ல கனமாக உனக்கு அனுப்பினேன், மூச்சுக்கூடப் பலமாக விடவில்லை. நீயோ, "ஃபேன் காத்து நல்லா வருது போல, இரைச்சல் கேக்குது. தலையாட்டுதியன்னு தெரியுதும்மா, வச்சிடுதேன்" என்று வைத்துவிட்டாய். அஃப்ஜல் கடையில் ஃபேன் ஓடி மாமாங்கம் ஆகிறது.

அழைப்பிதழ் வந்ததும் திரும்ப அவனிடம் போய் நியாயம் கேட்டேன். தலையைச் சொறிந்தான். "ஆச்சி, இந்தக் கோடெக்கு பேச்சை மட்டுந்தான் அனுப்பும். பேசாம இருக்கிறதை அனுப்பாது. லைன் அறுந்துபோச்சுன்னு அண்ணாச்சி நினைச்சிரக் கூடாதுல்லா, அதுக்காக அவிய கம்ப்யூட்டரே சன்னமா ஒரு இரைச்சலை உண்டாக்கிக் குடுக்கும். ரெண்டு பக்கமும் முதல்லயே ஒத்துக்கிட்டதுதான்" என்கிறான். நான் கோபித்துக்கொண்டதைக் கோவில்பட்டியிலேயே போட்டுவிட்டு ஒரு மிஷின் உனக்குக் காற்று வீசியிருக்கிறது. துண்டுக்கு அடியில் எதை ஒத்துக்கொண்டார்கள் என்று ஆட்டைக் கேட்பதில்லை, சரி. நான் என்ன ஆடா?

ஆகையால் எனக்குச் சம்மதம் இல்லை. குளத்தூர் வாசலை மிதிக்க மாட்டேன். உன் கல்யாணப் பந்தியில் சத்தியபாமா தன் கையால் எல்லா இலைக்கும் உப்பு வைத்தாள், என் இலையை மட்டும் தாண்டிப் போனாள். உப்பளத்துப் பக்கத்து ஊர்க்காரிக்கு உப்புக்கா பஞ்சம்? பேரன் காதை நம் குலசாமி முன்னால்தான் குத்த வேண்டும், கிடாயும் வளர்ந்து நிற்கிறது. இல்லையென்றால் நான் இல்லாமல் குத்திக்கொள்ளுங்கள்.

பேரன் உங்க அப்பாவின் உயரமும் என் ஞாபகமும் வாங்கி நூறு வருசம் இருக்கட்டும். கிருஷ்ணப்ரியாவைத் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுக்க வேண்டாம் என்று சொல்.

இப்படிக்கு உன் அம்மா,
வெயிலம்மாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது யோசித்தேன். உன் கல்யாணத்திலிருந்து நான் சத்தியபாமாவோடு பேசுவதில்லை. ஆனால் பசுவந்தனையில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருந்தால் அது குளத்தூருக்கு எப்படிப் போய்ச் சேரும்? அவளுக்கு இந்நேரம்வரை தெரிந்தே இருக்காது. மிஷினை நம்பியும் அனுப்ப முடியாது, நேரில்தான் கொண்டுபோக வேண்டும். அதனால் முதல்நாளே வந்துவிடுகிறேன். கிடாய் இங்கேயே நிற்கும். குலசாமிக்கு அப்புறமாக ஒருநாள் என்றாயே, அது என் காதில் தெளிவாக விழுந்தது; அந்த ஒருநாள் நீ சிங்கப்பூருக்குத் திரும்பப் பிளைட் ஏறுவதற்கு முன்னால் வர வேண்டும். பந்தியில் சத்தியபாமாவே பரிமாறட்டும். உப்பு வைத்தால் சாப்பிடுவேன். வைக்காவிட்டால் பேசாமல் இருப்பேன், இந்தத் தடவை அவளுக்கு முழுசாகக் கேட்கும்.